தண்ணீர் கேட்ட ஆளுநர்

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பூட்டுக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் புதிதாக ஒரு போர்டு. ‘பழைய வீடியோ கேசட் சிடியாக மாற்றித் தரப்படும்.’

அப்படியே நின்றுவிட்டேன்.

என் வீட்டு பீரோவில் ஒரு கேசட் இருக்கிறது. எங்கள் பங்குக் கோயிலில் இரண்டாயிரமாவது வருடம் நடந்த பாஸ்காவைப் படம் பிடித்த கேசட். கோயில் அலமாரியை ஒழுங்குபண்ணியபோது குப்பைக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கி வைத்தேன். போட்டுப் பார்க்க டெக் கிடையாது. தெரிந்தவர்கள் வீட்டு டெக் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எது நடந்தாலும் எந்த வருடம், அந்த வருடம் ஈஸ்டர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று குறித்துக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்தக் கேசட்டை நான் வைத்திருந்தது அதற்காக இல்லை. ஒன்பது வருடமாக ஒரு மனிதனிடம் ஒரே ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ‘அன்றைக்கு நீ நன்றாக நடித்தாய்.’ அவ்வளவுதான். அவன் நம்ப மறுக்கிறான். சாட்சி அந்தக் கேசட்டுக்குள் இருக்கிறது.

அவன் பெயர் இன்னாசிமுத்து. என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார்.

பாஸ்கா தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஈஸ்டரை ஒட்டி எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஆண்டவர் சிலுவையில் சாகும்வரை பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவோம். நடிப்பவர்கள் எல்லாரும் உள்ளூர். பூட்டுப் பட்டறைக்காரர் யூதர்களின் தலைமைக் குருவாக வருவார். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்ப்பவர் ஈட்டி பிடித்துக்கொண்டு படைவீரனாக வருவார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஒத்திகை. வேடம் கட்டுகிறவர்கள் அது முடிகிறவரை கறி தொடமாட்டார்கள். அதெல்லாம் எங்கும் உள்ளதுதான்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், கூடுதலாக ஒரு வழக்கம். மேடையில் நிற்பவர் பேசமாட்டார். வாயை மட்டும் அசைப்பார். படுதாவுக்குப் பின்னால் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் வசனத்தைப் பேசுவார். ஒரு வேடத்துக்கு ஒரு ஆள், ஒரு குரல். மைக் ஒன்றே ஒன்று இருந்த காலத்தில் ஆரம்பித்த ஏற்பாடாக இருக்கவேண்டும். பின்னாளில் மைக் பெருகியது. ஏற்பாடு மாறவில்லை. நம் ஊரில் எந்த ஏற்பாடுதான் காரணம் தீர்ந்ததும் மாறியது?

ஆளுநர் வேடத்துக்கு ஆள், இன்னாசி. குரல், நான்.

ஆண்டவரைத் தண்டிக்கவும் மனமில்லாமல், விடுவிக்கவும் தைரியமில்லாமல், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வாரே... அந்த ஆளுநர். இன்னாசி ஆறடி உயரம். சிவப்பு அங்கி போட்டுக் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றால், கூட்டத்தில் அழுகிற பிள்ளையும் வாயை மூடும். ஆனால் பேசினால் கீச்சென்று இருக்கும். எனக்கு நேர் எதிர். ஐந்தடிச் சொச்சம் உடம்பு. குரல் மட்டும் கனம். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். வண்டி வருவதை ஸ்பீக்கரில் சொல்கிற வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் அறிவிப்புச் சொன்னால், பிளாட்பாரத்தில் எங்கள் பங்கு ஆட்கள் யாராவது, “ஆளுநரு ரயிலுக்குத் தீர்ப்புச் சொல்றாருப்பா” என்பார்கள்.

அவன் என்னைத் ‘தொண்டை’ என்று கூப்பிடுவான். நான் அவனை ‘ஒடம்பு’ என்பேன்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படி நடித்தோம். அவ்வளவு வருடத்தில் மேடையில் அவன் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகு. படுதாவில் ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியாகப் பார்ப்பேன். அவன் கோலைத் தரையில் தட்டுவான். முதுகில் மூச்சு நிறையும். நிறைந்ததும் நான் ஆரம்பிப்பேன். ஒத்திகையே தேவையில்லை. அந்த முதுகு எனக்குப் படித்த புத்தகம் மாதிரி.

சரி, கதைக்கு வருவோம்.

தொண்ணூற்றொன்பது ஆரம்பத்தில் இன்னாசி மதுரையில் ஒரு நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதத்தைப் பார்த்தான். கிரேக்க நாட்டில் கோடைகாலப் பயிற்சி. பழங்கால நாடகங்களை எப்படி நடிப்பது என்று, கடலோரம் ஒரு சின்ன ஊரில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. நடித்த வீடியோ ஒன்றை அனுப்ப வேண்டும்.

அவன் முந்தின வருடப் பாஸ்கா கேசட்டை, நான் அதைப் போட்டுப் பார்க்கும் முன்பே, அனுப்பிவைத்தான்.

உடம்பு அவனுடையது, குரல் என்னுடையது. அது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள்... நிஜமாகவே தோன்றவில்லை. எங்கள் பங்கில் அதற்குப் பெயர்தான் நடிப்பு. நிற்கிறவன் வேலை நிற்பது. பேசுகிறவன் வேலை பேசுவது. விண்ணப்பத்திலும் ‘இது உங்கள் சொந்தக் குரல்தானா?’ என்று ஒரு கேள்வி இல்லை.

இடம் கிடைத்தது. வந்த கடிதத்தை இன்னாசி டீக்கடையில் வைத்துத் தமிழில் சொன்னான். குரலும் உடலும் இப்படி ஒன்றிப்போன நடிகரைப் பார்ப்பது அபூர்வமாம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினோம்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அவன் மனைவி ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இந்த அண்ணனையும் பொட்டிக்குள்ள வச்சுத்தான் கொண்டு போகணும்.”

“ஏன்?”

“ஏனா? அவுக கேட்டது ரெண்டு பேரையும் சேத்துல்ல?”

“அதெல்லாம் போய்ப் பாத்துக்கிரலாம்” என்றான் இன்னாசி.

நமக்குக் கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிறபோதுதான் அவர்களுக்குக் கோடை ஆரம்பிக்கிறது. ஜூனில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். ரெஜினா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். திண்டுக்கல் ஜங்ஷனில் அவனை ஏற்றிவிட்ட வண்டியின் புறப்பாட்டை நான்தான் ஸ்பீக்கரில் சொன்னேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேலே ஸ்பீக்கரைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

அங்கே நடந்ததை அவன் திரும்பி வந்தபின் பலதடவை சொல்லியிருக்கிறான். நான் பலதடவை கேட்டிருக்கிறேன். அதனால் அங்கே இருந்தவன் மாதிரியே சொல்கிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவு. அதை அரைவட்டமாக வெட்டிப் படிப்படியாகக் கல் இருக்கைகள். கீழே வட்டமாக ஒரு தரை. கூரை இல்லை, மைக் இல்லை, படுதா இல்லை. சொல்லிக்கொடுத்த அம்மாவின் பெயர் எலேனி. நரைத்த தலை. வெயிலில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு நடப்பாராம்.

முதல் நாள். ஒவ்வொருவரும் வீடியோவில் நடித்ததை நடித்துக் காட்டவேண்டும். இன்னாசி முறை வந்தது. வட்டத்தின் நடுவில் போய் நின்றான். அவர்கள் கொடுத்த கம்பைத் தரையில் தட்டினான். மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

திறந்தபடியே நின்றான்.

“பழக்கதோஷம்லே” என்றான் என்னிடம். “கம்பத் தட்டிட்டு, நீ பேசுவன்னு நிக்கிறேன். செத்த நேரம் ஆனதுக்கப்புறந்தான் ஒறைக்குது, நீ இங்க திண்டுக்கல்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கன்னு.”

அப்புறம் பேசியிருக்கிறான். கீச்சென்று வந்திருக்கிறது. கல் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயணக் களைப்பு, தொண்டை கட்டியிருக்கிறது என்று அந்த அம்மா நினைத்து வெந்நீர் கொடுத்திருக்கிறார். மறுநாளும் அதே கீச்சு. மறுநாளும் வெந்நீர். அதற்குமேல் பொறுக்காமல் இன்னாசி உண்மையைச் சொல்லிவிட்டான். படுதா, கிழிசல், தொண்டை, எல்லாவற்றையும்.

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தானாம். எலேனி கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பின்னால் இருக்கிற அவருக்கு உன் முகம் தெரியுமா?”

“முதுகு தெரியும்” என்று சொல்லியிருக்கிறான்.

அப்புறம் அவர் சொன்னார்: “அவர் நல்ல நடிகர். நீயும் நல்ல நடிகன். ஆனால் இங்கே வந்திருப்பது நீ மட்டும்தானே? உன்னிடம் இருக்கிற குரல் எதுவோ, அதைக் கொண்டு வா.”

காலையில் தரையில் மல்லாக்கப் படுத்து, வயிற்றில் தட்டையாக ஒரு கல்லை வைத்து மூச்சு விடவேண்டும். கல் ஏறி இறங்கவேண்டும், நெஞ்சு அசையக்கூடாது. அப்புறம் முகமூடி. முகம் முழுக்க மூடிவிடும். வாய் அசைவது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லும்போது இன்னாசி என் முகத்தைப் பார்க்கமாட்டான். வாயசைப்பை மட்டுமே நம்பி வேடம் கட்டியவனுக்கு, வாயையே மூடிவிட்டால் என்ன மிச்சம்?

ஒருநாள் ஆளுநர் வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி, அர்த்தம் கேட்டிருக்கிறார் அந்த அம்மா. தண்ணீர் கேட்கிற வரிக்கு வந்தபோது நிறுத்தினார். “தண்ணீர் கொண்டு வா என்பதற்கு எதற்கு இவ்வளவு சத்தம்? பக்கத்தில் நிற்கிற வேலைக்காரனிடம்தானே கேட்கிறான்?”

அப்படிக் கத்தியது நான் அல்லவா?

ஜூலைக் கடைசியில் பயிற்சி முடிந்தது. முடிவில் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு நாடகம். இன்னாசிக்குச் சின்ன வேடம். வெளியில் நடந்த ஒரு சாவை உள்ளே வந்து சொல்கிற தூதுவன். அவரவர் மொழியில் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் அங்கிருந்து என் வீட்டுக்கு போன் செய்தான்.

“தொண்டை, கேட்டுச்சுலே.”

“என்னலே கேட்டுச்சு?”

“என் குரலு. மேல கடைசிப் படில ஒரு கெழவி ஒக்காந்திருந்துச்சு. அதுக்குக் கேட்டுச்சு.”

“அதுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது. ஆனா அழுதுச்சு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் செருப்புக்குள் மணல் மாதிரி ஏதோ ஒன்று நெருடியது.

வெளிநாடு போய்விட்டு வருகிறவர்கள் சென்ட் கொண்டுவருவார்கள், டேப்ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். இன்னாசி ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தான். தலைக்குத் தேய்க்கலாமா என்று ரெஜினா கேட்டாள். அதோடு தன்னுடைய சொந்தக் குரலையும் கொண்டுவந்தான். அதற்கு ஏர்போர்ட்டில் யாரும் வரி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறு வருடம் தவக்காலத்துக்கு முன்னால் பாஸ்காக் கூட்டம். கோயில் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். நாடகத்தை நடத்துகிறவர், சாமியாருக்கு உதவியாக இருந்து ஜெபம் சொல்லித்தரும் எங்கள் பங்கு உபதேசியார். வேடப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆளுநர் என்றதும் இன்னாசி எழுந்தான்.

“இந்த வருசம் நானே பேசிக்கிறேன்.”

“நீயா? அப்ப தம்பி?” உபதேசியார் என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

“பேசட்டும்” என்றேன். வேறென்ன சொல்வது?

“ஏம்ப்பு, ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல.”

“சண்டையில்லாம எதுக்குப் பிரியணும்?”

நியாயமான கேள்விதான். இன்னாசி அடுத்ததையும் சொன்னான். “மைக்கும் வேணாம்.”

உபதேசியார் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், அந்த ஒரு காட்சிக்கு மட்டும் மைக் வேண்டாம் என்று முடிவானது. அப்படியும் ஒரு மைக்கைப் படுதாவுக்குப் பின்னால் தயாராக வைத்திருப்பேன் என்றார் உபதேசியார்.

இன்னாசி விடியற்காலையில் எங்கள் ஊர் மலைக்கோட்டைக்குப் போய்ப் பேசிப் பார்க்க ஆரம்பித்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போவான். அவன் பாறைக்குக் கீழே நிற்பான். நான் படியேறி மேலே போய் உட்காருவேன்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“எம்புட்டு கேக்குது?”

“அம்புட்டும் கேக்குது.”

பாறை அந்தக் குரலைத் தாங்கித் தாங்கி மேலே அனுப்பியது. கீச்சு இல்லை. மெல்லிசுதான், ஆனால் கிழியாத மெல்லிசு. இறங்கி வந்து சொன்னேன். “இது பாறை. நம்ம நிக்கப்போறது பொட்டல் மைதானம்.”

“நீ பயப்படாதலே” என்றான். பயப்பட்டது யார் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் ஈஸ்டர் தள்ளிப்போய், ஏப்ரல் கடைசியில் வந்தது. புழுக்கம். காற்றே இல்லை. பாஸ்கா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்துக்கு அடியில் வைத்தார்கள். அது ஓட ஆரம்பித்தது... டடடடவென்று.

நான் முதல்முறையாகக் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரிசை.

ஆளுநர் வந்தார். கோலைத் தட்டினார். முதல்முறையாக நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

இத்தனை வருடமாக இந்த முகத்துக்கா நான் அப்படிக் கத்திக்கொண்டிருந்தேன்? அது மிரட்டுகிற முகம் இல்லை. பயந்துபோன முகம். தனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்த, அதைச் செய்யாமலும் இருக்க முடியாத ஒரு பெரிய ஆபீசரின் முகம். அந்த மெல்லிசுக் குரல் அந்த முகத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்கிற இடத்தில் ஜனங்களைப் பார்த்தான். ஆண்டவர் வேடத்தில் இருந்தவரைப் பார்த்தான். நிறுத்தினான். ரொம்ப நேரம் நிறுத்தினான். அந்த இடத்தில் நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அப்புறம் வேலைக்காரன் பக்கம் திரும்பி, கெஞ்சுகிறவன் மாதிரி, “தண்ணீர்... கொண்டு வா” என்றான்.

நான் அந்த வரியில் உத்தரவு போடுவேன். அவன் கேட்டான்.

என் பக்கத்தில் இருந்த அம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

ஆனால் மைதானத்தில் நாலாவது வரிசை, ஐந்தாவது வரிசை என்று போய்க்கொண்டே இருக்கிறதே. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது ஜெனரேட்டர் மட்டும்தான்.

“சத்தம் வையிங்கப்பா.”

“ஏலே, ஆளுநருக்குத் தொண்டை கட்டிருச்சு. பனங்கல்கண்டு குடுங்கடா.”

விசில். சிரிப்பு. உபதேசியார் குனிந்தபடி ஓடிவந்து என் தோளைத் தொட்டார். “தம்பி, பின்னால போங்க. மைக் ரெடியா இருக்கு. இன்னும் நாலு வரி இருக்கு, சேத்துப் பிடிச்சுருங்க.”

நான் எழுந்திருக்கவில்லை.

மீதி நாலு வரியையும் விசிலுக்கு நடுவில் அவனே பேசி முடித்தான். அன்றைக்கு எழுந்து போயிருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றும். போகாததுதான் சரி என்று மறுநாள் தோன்றும். இன்றுவரை இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

காட்சி முடிந்து வேடம் கலைக்கிற அறைக்குப் போனேன். தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நல்லா இருந்துச்சுலே” என்றேன்.

“ஆறுதலா?”

“இல்லலே. இன்னைக்குத்தான் ஒன் மூஞ்சியப் பாத்தேன். நெசமாவே நல்லா இருந்துச்சு.”

“நீ மூணாவது வரிசைல இருந்த” என்றான். “ஊரு அங்கிட்டு இருந்துச்சு.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நம்பியிருப்பான். அவன் பேசக் கிளம்பியதால் பேச்சை இழந்தவன் நான். நான் பாராட்டினால் அது பெருந்தன்மையாகத்தான் தெரியும். உண்மையாகத் தெரியாது. உண்மையைச் சொல்வதற்குக்கூட அதற்குரிய ஆள் வேண்டியிருக்கிறது.

அடுத்த தவக்காலத்தில் இன்னாசி ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. பாஸ்கா பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியது. வேறொருவர் ஆளுநர் அங்கியைப் போட்டார். நான் படுதாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அது வேறு முதுகு. அதில் மூச்சு எப்போது நிறைகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் முந்துவேன், இல்லை பிந்துவேன். இரண்டு வருடம் பார்த்துவிட்டு நானும் நின்றுகொண்டேன். ஸ்டேஷனிலும் அறிவிப்புக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு பெண் குரல். அதற்கு ஜலதோஷமே பிடிப்பதில்லை.

இன்னாசியும் நானும் இப்போதும் தினமும் பார்த்துக்கொள்கிறோம். அரசியல் பேசுவோம், சர்க்கரை அளவு பேசுவோம். நாடகம் மட்டும் பேசமாட்டோம். அவன் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்துக்குக்கூடக் கூப்பிட்டால் கை எடுத்துக் கும்பிட்டுவிடுவான். அந்தக் கல் படிகளில் கடைசிக் கிழவிக்குக் கேட்ட குரலை, இப்போது அட்டெண்டன்ஸ் எடுக்கிறபோது முன் பெஞ்சுப் பையன்கள் மட்டும் கேட்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், நம்மில் யார் சொந்தக் குரலில் பேசுகிறோம்? பெண் பார்க்கப் போனால் மாமா பேசுகிறார். ஆபீசில் மேலதிகாரி சொன்னதை நாம் பேசுகிறோம். வீட்டில், அந்த வீட்டம்மா சொல்லிக்கொடுத்ததைப் பேசுகிறோம். யாருக்கும் அதில் குறை தெரிவதில்லை. ஒருவன் தன் குரலில் நாலு வரி பேசினால் மட்டும் விசில் அடிக்கிறோம்.

போர்டைப் பார்த்த மறுநாளே கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன சனிக்கிழமை சிடி தயார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். “ஸ்பீக்கர் ரிப்பேர் சார். படத்தப் பாத்துக்கங்க, கிளியரா இருக்கு.” இருந்தது. அதே முகம். அதே நிறுத்தம். கடையில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து நேராக இன்னாசி வீட்டுக்குப் போனேன். உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் இன்னாசி பேப்பரை எடுத்துக்கொண்டான்.

“நீங்க பாருங்க. நான் செத்த நேரம் வெளிய ஒக்காந்திருக்கேன்.”

“ஒக்காருங்க இங்க” என்றாள் ரெஜினா. “அண்ணன் ஒம்போது வருசமாச் சொல்லுது. ஒரு தடவ பாத்தாத்தான் என்ன?”

உட்கார்ந்தான். சிடியைப் போட்டேன். ஆளுநர் வந்தார். கோலைத் தட்டினார். வாயைத் திறந்தார்.

என் குரல் வந்தது.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய என் குரல்தான். இடி மாதிரி, எக்கோ வைத்த மைக்கில். அவன் உதடு ஒரு பக்கம் போக, என் சத்தம் இன்னொரு பக்கம் போயிற்று. அவன் நிறுத்திய அந்த இடம் வந்தது. உதடு மூடியிருந்தது. மூடிய உதட்டுக்கு மேல் “தண்ணீர் கொண்டு வா” என்று நான் கர்ஜித்து முடித்தேன். அதற்கப்புறம் அவன் வாய் மெதுவாகத் திறந்து ஏதோ கேட்டது. சத்தம் இல்லை.

அந்த வருடம் வீடியோ எடுத்தவர், அப்போது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பாஸ்கரன். இப்போது சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அங்கேயே இருந்து செல்லில் கூப்பிட்டேன்.

“ஆமா சார், ஞாபகம் இருக்கு” என்றார் உற்சாகமாக. “அந்தக் காட்சில ஆடியோ ஒண்ணுமே இல்ல, ஜெனரேட்டர் சத்தந்தான். கல்யாணம்னா பாட்ட ஒட்டிருவோம். இதுக்கு என்ன ஒட்டுறது? முந்தின வருசக் கேசட்ல ஒங்க குரல் சும்மா கணீர்னு இருந்துச்சு. அத எடுத்து ஒட்டிட்டேன். யாருமே கண்டுபிடிக்கல பாத்தீங்களா?”

“அந்தப் பழைய சத்தம் எங்கயாவது இருக்கா?”

“அதை எதுக்கு சார் வைக்கப் போறேன்?”

போனை வைத்தேன். இன்னாசி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தான். காட்சியைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டான். மூன்று பேரும் சத்தமில்லாமல் பார்த்தோம். ரெஜினா டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நிறுத்தம் வந்தது. உதடு அசைந்தது.

“இப்ப என்ன சொல்றீங்க?”

“தண்ணி கேக்குறேன்.”

“இப்படிக் கேட்டீங்களா? எனக்கு அன்னைக்குப் பின்னால இருந்து ஒண்ணுமே தெரியல.” திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “அதச் சொல்லிக் காட்டுங்க.”

இன்னாசி வாயைத் திறந்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். ஒரு நொடி, வரும் என்றுதான் நினைத்தேன்.

“குழம்பு அடிப்பிடிக்குது பாரு” என்றான்.

ரெஜினா எழுந்து உள்ளே போனாள். சிடியை எடுத்து உறையில் போட்டு என்னிடம் நீட்டினான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சொன்னேன்.

“இத நான் வாராவாரம் எழுதுற பத்தியில எழுதப் போறேன்லே. வருசத்தோட. அந்த வருசம் பேசினது நீதான்னு.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். வேட்டியில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“எழுது, தொண்டை. அதுவும் ஒன் குரல்லதான கேக்கும்?”